நிலமும் பெண்ணும் – 9: வயல் மட்டும் விலக்கு

தமிழகத்து உழவுக் குடும்பங்களில் மகளுக்கு நிலம் கொடுக்கும் வழக்கம் அடியோடு இல்லாமல் இருந்ததில்லை. கல்யாணத்தின்போது பெண்ணின் மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று சிறு துண்டு நிலத்தை ஒதுக்கிக் கொடுப்பார்கள். மஞ்சக்காணி என்று அதற்குப் பெயர். அதன் விளைச்சல் அவளைச் சேரும். அவளுக்குப் பின் அவள் மகளைச் சேரும் என்பது பல குடும்பங்களில் எழுதாத ஏற்பாடு. ஏர் பூட்டியதும் வாரம் பேசியதும் பெரும்பாலும் கணவனோ உடன்பிறந்தவனோதான். பக்கத்து ஊரிலேயே, அதுவும் அத்தை மகனுக்கோ தாய்மாமனுக்கோ கொடுத்த பெண்ணாக இருந்தால் இந்த ஏற்பாடு தடங்கலின்றி நடந்தது. நிலம் உறவை விட்டு வெளியே போகாது என்ற தைரியம் பெற்றவர்களுக்கு இருந்தது. சொந்தத்துக்குள் மணம் முடிக்காத, பெண்ணைத் தொலைதூரக் கிராமத்துக்கு அனுப்பும் வட இந்தியப் பகுதிகளைவிடத் தென்னாட்டில் மகளுக்கு நிலம் தர எதிர்ப்பு குறைவாக இருந்ததற்கு இந்த மண உறவு முறையை ஒரு முக்கியக் காரணமாகப் பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் காட்டுகிறார்.

ஆனால் மஞ்சக்காணி கொடை, பங்கு அல்ல. தகப்பனுக்கு மனமும் வசதியும் இருந்தால் கிடைக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்க வழி கிடையாது. இரண்டு ஏக்கர் வைத்திருந்தவர் மகளுக்கு நகையும் பாத்திரமும் போட்டு அனுப்பினார். நிலம் முழுவதையும் மகன்கள் பிரித்துக்கொண்டார்கள். பெண் பெறும் நிலம் பிறர் மனதைப் பொறுத்ததாக இருந்த நிலையிலிருந்து, அவளே கேட்டு வாங்கும் உரிமையாக மாறிய கதை 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் கதையில் ஒரு விசித்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. வீடும் பணமும் நகையும் பெண்ணுக்கு உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்ட போதெல்லாம் வயல் மட்டும் ஏதோ ஒரு காரணத்தால் வெளியே நிறுத்தப்பட்டது.

அந்தக் கதைக்கு வெகு முன்பே, சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் விற்ற பெண்களும் கோயிலுக்கு நிலம் கொடுத்த பெண்களும் வருகிறார்கள். அரசியரும் கோயிலைச் சார்ந்து வாழ்ந்த பெண்களும் அவர்களில் முக்கியமானவர்கள். ஆயினும் ஒரு பெண் நிலத்தை விற்கும்போது முதுகண் என்ற ஆண் துணையின் வழியாகவே விற்றதாகப் பல கல்வெட்டுகள் பதிவு செய்கின்றன. சொத்து அவளுடையது, கையெழுத்து இன்னொருவருடையது என்ற நிலை ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது.

பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் தமிழகத்து இந்துக்களுக்குப் பொருந்தும் நூலாக எடுத்துக்கொண்டது மிதாட்சரத்தை. கல்யாணிச் சாளுக்கியர் காலத்தில் விஞ்ஞானேசுவரர் எழுதிய உரை அது. அதன்படி பூர்வீகச் சொத்தில் மகன் பிறக்கும்போதே பங்காளி ஆகிறான், மகள் ஆவதில்லை. கூட்டுக் குடும்பத்தில் கணவனை இழந்தவளுக்குச் சோறும் துணியும் மட்டும்தான். ஜீவனாம்சம் என்று அதைச் சொன்னார்கள். கணவன் பாகம் பிரிந்து, ஆண் வாரிசும் இல்லாமல் இறந்திருந்தால் நிலம் அவள் கைக்கு வரும். அப்போதும் அவள் உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கலாம், அவ்வளவுதான். தக்க அவசியம் இல்லாமல் விற்றால் கணவனின் பங்காளிகள் வழக்குப் போட்டு விற்பனையை முறித்துவிடுவார்கள். அவள் இறந்ததும் நிலம் அவர்களிடமே திரும்பும். அவள் செலவு செய்த ஒவ்வொரு ரூபாயும் அவசியமா ஆடம்பரமா என்று பங்காளிகள் கணக்குப் பார்த்த வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளில் ஏராளம்.

இதற்கு விலக்காக இருந்தவர்கள் தேவதாசிகள். அவர்கள் குடும்பங்களில் சொத்து தாயிடமிருந்து மகளுக்கு இறங்கியது. கோயில் ஊழியத்துக்கு ஈடாக விடப்பட்ட மானிய நிலங்களை அவர்கள் அனுபவித்து வந்தார்கள். ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும் என்பதே பல பெண்களை அந்த முறையில் கட்டி வைத்திருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டு வந்து 1929இல் நிறைவேறிய திருத்தம் இந்த முடிச்சைத்தான் முதலில் அவிழ்த்தது. மானிய நிலத்தை ஊழியக் கடமையிலிருந்து பிரித்து அந்தப் பெண்களுக்கே உரிமையாக்க அது வழி செய்தது. தேவதாசி ஒழிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தையே நினைவில் வைத்திருக்கிறார்கள். நிலத்தைத் தொட்ட 1929 திருத்தம் அதைவிட நுட்பமான வேலை. விடுதலை பெறும் பெண்ணுக்குச் சாப்பாட்டுக்கு வழி வேண்டும் என்பதை அந்தத் திருத்தம் மறக்கவில்லை.

அதே 1929இல், பிப்ரவரி மாதம், செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின.

இடையில் 1937 வந்தது. பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் ஜி.வி. தேஷ்முக் மத்திய சட்டசபையில் கொண்டு வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமை மசோதாவில் முதலில் மகளுக்கும் இடம் இருந்தது. குழுவின் ஆய்வுக்குப் போய்த் திரும்பியபோது மகள் காணாமல் போயிருந்தாள்; கணவனை இழந்த பெண் மட்டுமே எஞ்சினாள். அவளுக்கு ஒரு மகனுக்கு உரிய அளவு பங்கு, அதுவும் ஆயுள் வரை. அதாவது கிடைத்ததே பாதி. அந்தப் பாதியிலும் வயல் இல்லை என்பது நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

நடந்தது இது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் விவசாய நிலத்தின் வாரிசுரிமையை மாகாணங்களின் பட்டியலில் வைத்தது. அந்தப் பகுதி 1937 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தேஷ்முக்கின் மசோதாவைக் கீழவை பிப்ரவரியிலேயே நிறைவேற்றிவிட்டது. மேலவை நிறைவேற்றியது ஏப்ரல் 6. அந்த ஐந்து நாள் வித்தியாசத்தில் மத்தியச் சபை விவசாய நிலத்தின் மீது அதிகாரத்தை இழந்திருந்தது. 1941இல் இந்தக் கேள்வி பெடரல் நீதிமன்றத்துக்குப் போனபோது, தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் தலைமையிலான அமர்வு, ஆளுநர் மாகாணங்களில் இந்தச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று கருத்துரைத்தது. கிராமத்துக் கைம்பெண்ணுக்கு நிலத்தைத் தவிர வேறு சொத்து ஏது? பட்டணத்து வணிகரின் மனைவிக்கும் உத்தியோகஸ்தரின் மனைவிக்கும் பயன்பட்ட சட்டம் உழவனின் மனைவியை எட்டவே இல்லை. சென்னை மாகாணம் தன் பங்குக்கு விவசாய நிலத்தையும் சேர்த்துச் சட்டம் இயற்றியது 1947இல்.

முஸ்லிம் பெண்களுக்கும் இதே கதைதான். குர்ஆன் மகளுக்கு மகனின் பங்கில் பாதியை உறுதி செய்கிறது. வட்டார வழக்கங்கள் அதைத் தர மறுத்த இடங்களில் அந்தப் பங்கை மீட்டுத் தருவதற்காக வந்தது 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம். அதன் இரண்டாவது பிரிவிலேயே விவசாய நிலம் வெளிப்படையாக விலக்கப்பட்டது. அதிகாரப் பட்டியல் சிக்கல் ஒரு காரணம். பஞ்சாபின் நிலக்கிழார்கள் தங்கள் நிலம் பெண்களுக்குப் போவதை விரும்பாதது இன்னொரு காரணம். சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் கொண்டு வந்து விவசாய நிலத்தையும் உள்ளே சேர்த்தது. இந்த விஷயத்தில் சென்னை பல மாகாணங்களை முந்திக்கொண்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பக்கத்திலிருந்த அன்றைய திருவிதாங்கூரிலோ, கிறிஸ்தவ மகளுக்கு மகனின் பங்கில் நாலில் ஒரு பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது என்று 1916ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்சநீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லும் வரை அதன் நிழல் நீண்டது.

தேஷ்முக் சட்டத்தின் குழப்பங்களைத் தீர்ப்பதற்கென்று 1941இல் பி.என். ராவ் தலைமையில் அமைந்த குழுதான் இந்துச் சட்டத் தொகுப்பாக வளர்ந்தது. மகளுக்கு மகனின் பங்கில் பாதி என்றது ராவ் குழு. சமப் பங்கு என்று உயர்த்தினார் சட்ட அமைச்சர் அம்பேத்கர். நிலம் துண்டு துண்டாகிவிடும், அண்ணன் தங்கை உறவு கெட்டுவிடும் என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டார்கள். ஐந்து மகன்கள் ஐந்து துண்டாகப் பிரித்துக்கொள்ளும் போது எழாத கவலை ஒரு மகள் கேட்கும்போது மட்டும் எழுந்தது. மசோதா முடங்கியதை ஒட்டி 1951 செப்டம்பரில் அம்பேத்கர் பதவி விலகினார். பின்னர் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு நிறைவேறிய சட்டங்களில் ஒன்றுதான் 1956 ஜூன் 17 முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம்.

இந்தச் சட்டம் செய்த நன்மையை முதலில் சொல்ல வேண்டும். தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் சம பங்கு. பெண் கையில் இருக்கும் சொத்து இனி ஆயுள் அனுபவம் அல்ல, முழு உரிமை என்றது 14ஆம் பிரிவு. ஜீவனாம்சத்துக்காகக் கொடுக்கப்பட்ட நிலம்கூட முழு உரிமையாகிவிடும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. பங்காளிகளிடம் கணக்குக் காட்டிய காலம் அதோடு முடிந்தது.

ஆனால் கிராமத்தில் நிலம் பெரும்பாலும் பாட்டன் சொத்து. அங்கே பழைய மிதாட்சர ஏற்பாடு அப்படியே நின்றது. ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். பூர்வீகமாக 6 ஏக்கர் நிலம். தகப்பன், தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள். தகப்பன் உயில் எழுதாமல் இறக்கிறார். இறப்பதற்கு முன்கணம் பாகம் பிரிந்ததாகப் பாவித்தால் தகப்பனுக்கும் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு 2 ஏக்கர். தென்னாட்டு வழக்கில் அந்தப் பிரிவினையில் மனைவிக்குப் பங்கு இல்லை, மகளுக்கும் இல்லை. தகப்பனின் 2 ஏக்கரை மட்டும் தாயும் மூன்று பிள்ளைகளும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 50 சென்ட். கடைசியில் மகன் ஒவ்வொருவனுக்கும் இரண்டரை ஏக்கர். மகளுக்கு 50 சென்ட், தாய்க்கு 50 சென்ட். மகனுக்குக் கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு மகளுக்கு. அதையும் தகப்பன் உயில் எழுதி மகன்களுக்கே கொடுத்துவிடலாம், சட்டம் தடுக்கவில்லை.

இன்னும் இரண்டு வாசல்கள் அடைத்திருந்தன. குடும்பம் வாழும் வீட்டைப் பிரிக்கச் சொல்லும் உரிமை, ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளாத வரை, மகளுக்கு இல்லை என்றது 23ஆம் பிரிவு. நில உச்சவரம்பு, குத்தகை உரிமை, நிலம் துண்டாடப்படாமல் தடுப்பது பற்றிய மாநிலச் சட்டங்களை இந்தச் சட்டம் தொடாது என்றது 4ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. தமிழ்நாட்டை இது அதிகம் பாதிக்கவில்லை. உத்தரப்பிரதேசம் போன்ற மாநிலங்களிலோ ஆண் வழி வாரிசுகளுக்கே முதலிடம் தந்த நிலச் சட்டங்கள் இந்தப் பிரிவின் மறைவில் அரை நூற்றாண்டு பிழைத்தன. வயல் மறுபடியும் விலக்கு.

1961இல் வந்த தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை ஒட்டிக் கணக்கிடும் ஏக்கர்) என்று எல்லை வகுத்தது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. குடும்பம் என்பதில் கணவன், மனைவி, மைனர் மகன்கள், மணமாகாத மகள்கள் அடங்குவார்கள். வயது வந்த மகன் தனி நபராகத் தனக்கென்று நிலம் வைத்துக்கொள்ளலாம். அதே வயதுள்ள மணமாகாத மகள் தகப்பனின் கணக்கிலேயே கிடப்பாள். பெண்ணின் சீதன நிலத்துக்கு மட்டும் 10 தர ஏக்கர் வரை தனிச் சலுகை இருந்தது. இந்தச் சலுகையும் பினாமிப் பதிவும் சேர்ந்து பல பெரிய வீடுகளில் பெண்கள் பெயரில் பத்திரங்கள் ஏறின. எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலத்துக்கு உடைமைக்காரிகளாக அவர்கள் கையெழுத்து மட்டும் போட்டார்கள். காகிதத்தில் பெண் நிலம் பெற்றதை எல்லாம் முன்னேற்றமாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இந்தக் காலம் சாட்சி.

நிலமே இல்லாத பெண்களின் வரலாறு வேறு வழியில் போனது. பாகப்பிரிவினைச் சட்டம் எத்தனை தடவை திருந்தினாலும், பிரிக்க ஒரு சென்ட்டும் இல்லாத குடும்பத்து மகளுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. கீழத்தஞ்சையில் நடவும் களையும் அறுப்பும் செய்தவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். நிலம் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதற்கு விழுந்த அடி அது. அந்தச் செய்தி கேட்டுத் தஞ்சைப் பகுதிக்குச் சென்று தங்கியவர்கள் சர்வோதய இயக்கத்தைச் சேர்ந்த கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும்.

அவர்கள் 1981இல் தொடங்கிய உழுவோர் நில உரிமை இயக்கம், லாப்டி, நிலக்கிழார்களோடு பேசி விலை முடித்து, வங்கிக் கடனும் அரசு மானியமும் சேர்த்து நிலம் வாங்கிக் கொடுத்தது. பெரும்பாலும் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர். பத்திரம் பெண்ணின் பெயரில். ஆணின் பெயரில் எழுதினால் சாராயக் கடைக்கோ கடன்காரனுக்கோ நிலம் போய்விடும் என்ற அனுபவ அறிவு இதில் இருந்தது. தலித் குடும்பத்தில் பிறந்து கூலி வேலையின் கடுமையைத் தாயிடம் கண்ட கிருஷ்ணம்மாளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1990களில் நாகைக் கரையோரம் இறால் பண்ணைகள் வந்து வயலிலும் கிணற்றிலும் உப்பு ஏறியபோது இந்தப் பெண்களே மறியலுக்கு முன்னால் நின்றார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தன் பெயரில் ஓர் ஏக்கர் இருப்பவள் அதைக் காக்க எவ்வளவு தூரம் போவாள் என்பதை அந்தப் போராட்டம் காட்டியது.

சொத்துச் சட்டத்தின் அடுத்த பெரிய அடி தெற்கிலிருந்தே வந்தது. கேரளம் 1975இல் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே சட்டத்தால் கலைத்தது. ஆந்திரம் 1985இல் மகளையும் பங்காளி ஆக்கியது. தமிழ்நாட்டில் 1989 ஜனவரியில் மு. கருணாநிதி மீண்டும் முதலமைச்சரானதும் அதே வழியில் திருத்தம் வந்தது. 1990ஆம் ஆண்டின் முதலாம் சட்டமான அது 1989 மார்ச் 25 முதல் செல்லும் என்றது. செங்கல்பட்டுத் தீர்மானத்தின் நிறைவேற்றமாகவே அவர் அதைக் கருதினார்.

அதே 6 ஏக்கரை இப்போது பிரித்தால்: தகப்பன், இரண்டு மகன்கள், மகள் என நால்வரும் பங்காளிகள், ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். தகப்பனின் ஒன்றரை ஏக்கர் அவருக்குப் பின் நான்காகப் பிரியும். ஆளுக்கு முப்பத்தேழரை சென்ட். ஆக மகனுக்கும் மகளுக்கும் 1 ஏக்கர் எண்பத்தேழரை சென்ட் வீதம். 50 சென்ட்டிலிருந்து மகள் ஏறக்குறைய நான்கு மடங்குக்கு உயர்ந்தாள். தாயின் பங்கோ 50 சென்ட்டிலிருந்து முப்பத்தேழரையாகக் குறைந்தது. இதை அன்று பலரும் கவனிக்கவில்லை. மகளுக்குச் சேர்த்ததில் ஒரு பகுதி தாயிடமிருந்து போயிருக்கிறது. ஒரு பெண்ணின் நீதிக்கு இன்னொரு பெண் விலை கொடுக்கும்படி சட்டம் எழுதப்பட்டது வருந்தத்தக்கது. மனைவியையும் பிரிவினையில் பங்குதாரர் ஆக்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

இன்னொரு குறை அன்றே கண்ணில் பட்டது. 1989 மார்ச் 25க்கு முன் மணமான மகள்களுக்கு இந்தச் சட்டத்தில் இடம் இல்லை. சீர் செய்து அனுப்பிவிட்டோம், இனி பங்கு எதற்கு என்ற ஊர் வாதத்தைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. ஒரே வீட்டில் பிறந்த அக்காவுக்கு ஒன்றும் இல்லை, ஒரு வருடம் கழித்துத் தாலி கட்டிக்கொண்ட தங்கைக்கு முழுப் பங்கு.

சட்டம் கிராமத்தில் முதலில் ஏற்படுத்திய மாற்றம் மகள்கள் வயலில் இறங்கியதல்ல. விடுதலைப் பத்திரங்கள் பெருகியது. தகப்பன் இறந்ததும் தாலுகா அலுவலகத்தில் வாங்கும் வாரிசுச் சான்றிதழில் மகள்களின் பெயரும் இருக்கும். நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ போனால் எல்லா வாரிசுகளின் கையெழுத்தையும் கேட்பார்கள். அதனால் அண்ணன் தங்கையைத் தேடி வருகிறான். சார்பதிவாளர் அலுவலகத்துத் திண்ணையில் பத்திர எழுத்தர் வாசிக்கிறார்: பாகத்துக்கு உரிய தொகை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாகவும், இனி தனக்கோ தன் வாரிசுகளுக்கோ அந்தச் சொத்தில் எந்தப் பாத்தியமும் இல்லை என்றும் ஒப்புக்கொள்ளும் வரிகள். தொகை கை மாறியிருக்கும், மாறாமலும் இருக்கும். பக்கத்திலேயே நாலு எல்லைகளும் சர்வே எண்ணும் எழுதியிருக்கும். சிறுமியாக அவள் வரப்பில் நடந்த வயலின் விவரம் அது. புகைப்படம், கட்டை விரல் ரேகை, கையெழுத்து. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அவள் ஏன் எழுதிக் கொடுக்கிறாள் என்பதற்கு அறியாமை என்று ஒரே சொல்லில் பதில் சொல்வது அவளுக்குச் செய்யும் அநீதி. அவள் கணக்குத் தெளிவானது. வளைகாப்பு, தலைப்பிரசவம், பிள்ளைக்குக் காது குத்துக்குத் தாய்மாமன் மடி, மகள் பெரியவளானால் தாய்மாமன் சீர், வருடந்தோறும் பொங்கல் சீர் எல்லாம் அண்ணன் வீட்டிலிருந்து வர வேண்டும். புருஷன் அடித்தாலோ குடித்தாலோ பெட்டியோடு வந்து நிற்க ஒரு வாசல் வேண்டும். பங்கு கேட்டால் அந்த வாசல் சாத்தப்படும். ஒரு ஏக்கர் நிலத்தை விட்டுக்கொடுத்து ஆயுள் முழுவதற்கும் ஒரு காப்பீடு வாங்குகிறாள். ஆனால் அந்தக் காப்பீட்டை எழுதித் தர யாரும் இல்லை என்பதுதான் சிக்கல். அண்ணன் இறந்து அண்ணி கையில் வீடு வந்த பிறகு அது செல்லுமா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

நாடு முழுவதற்குமான திருத்தத்தைச் சட்ட ஆணையம் 2000இல் தன் 174ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மணமானவளோ இல்லையோ மகள் பிறப்பாலேயே பங்காளி. வீட்டைப் பற்றிய 23ஆம் பிரிவு நீங்கியது. விவசாய நிலச் சட்டங்களைப் பாதுகாத்த 4ஆம் பிரிவின் அந்த உட்பிரிவும் நீங்கியது. தேஷ்முக் காலத்தில் வெளியே நிறுத்தப்பட்ட வயல் சட்டப் புத்தகத்தில் உள்ளே வர 68 ஆண்டுகள் ஆயின. தமிழ்நாட்டில் 1989க்கு முன் மணமான அக்காவுக்கும் இப்போது உரிமை வந்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பாகம் பிரிந்திருந்தால் மட்டும் அதை மாற்ற முடியாது.

அதோடு வழக்குகள் ஓயவில்லை. 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பன் உயிரோடு இருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று 2015இல் உச்சநீதிமன்றத்தின் ஓர் அமர்வு சொன்னது. 2018இல் இன்னோர் அமர்வு அந்தத் தேதிக்கு முன்பே இறந்த தகப்பனின் மகள்களுக்கும் பங்கு தந்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூவர் அமர்வு முடிவு சொன்னது: உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தகப்பன் இருந்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை. அந்தத் தீர்ப்பில் கிராமத்துப் பெண்ணுக்கு இன்னும் பெரிய பயன் ஒன்று உண்டு. வாய்மொழியாக எப்போதோ பாகம் பிரித்துவிட்டோம் என்று அண்ணன்மார் சொல்வதை எளிதில் ஏற்கக் கூடாது, பதிவான பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ வேண்டும் என்று நீதிபதிகள் வலியுறுத்தினார்கள். 2022 ஜனவரியில், தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் வழக்கில், 1956க்கு முன்பே உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்துக்கும் அவருடைய மகளே வாரிசு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகப்பனின் உடன்பிறந்தான் மகனுக்கு அதில் முன்னுரிமை இல்லை.

பத்திரம் கிடைத்தாலும் பட்டா மாற வேண்டும். வருவாய்த் துறைப் பதிவேட்டில் பெயர் ஏறாதவள் உழவராகக் கணக்கில் வருவதில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். வெள்ள நிவாரணம், பயிர்க் காப்பீடு, ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் விவசாயிகள் திட்டம் எல்லாம் நிலப் பதிவை ஒட்டியே வருகின்றன. கணவன் ஊரை விட்டு வேலைக்குப் போய், நடவிலிருந்து அறுப்பு வரை தானே பார்க்கும் பெண் மாமனார் பெயரில் உள்ள நிலத்துக்கு விவசாயி ஆக முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உழைக்கும் பெண்களில் நூற்றுக்கு 41 பேர் விவசாயக் கூலிகள், 24 பேர் சாகுபடியாளர்கள். 2015–16 வேளாண் கணக்கெடுப்பில் பெண்கள் பெயரில் இருந்த சாகுபடி நில உடைமைகள் சுமார் 14 விழுக்காடு. பரப்பில் பார்த்தால் இன்னும் குறைவு.

நிலம் பெண்ணின் கையில் இருப்பதால் மாறுவது வருமானம் மட்டுமல்ல. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. நிலமோ வீடோ இல்லாத மனைவிகளில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18, வீடு மட்டும் உள்ளவர்களில் 10, இரண்டும் உள்ளவர்களில் 7 விழுக்காடு. வெளியேறிப் போக இடம் உள்ளவள் மீது கை ஓங்கத் தயக்கம் வருகிறது.

அரசுத் திட்டங்கள் பெண்ணின் பெயரைப் பத்திரத்தில் ஏற்றத் தொடங்கியதும் அண்மைக் காலத்தில்தான். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா தரலாம் என்று ஆறாம் ஐந்தாண்டுத் திட்டம் பேசியது. தமிழ்நாட்டில் தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) வழியாக நடக்கும் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தில், நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் விவசாயக் கூலிகள் நிலம் வாங்க விலையில் பாதி, 5 லட்சம் ரூபாய் வரை, மானியம் கிடைக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு.

இப்படிச் சொந்த உழைப்பில் வாங்கிய நிலம் அவளுக்குப் பின் யாருக்குப் போகும் என்பதில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பழைய காலத்திலேயே நிற்கிறது. பிள்ளையும் கணவனும் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்த சொத்து பெற்ற தாய்க்குப் போகாது. கணவனின் வாரிசுகளுக்குப் போகும். மணமாகி மூன்றே மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, பிறந்த வீட்டில் படித்து வேலைக்குப் போய்ச் சொத்துச் சேர்த்த ஒரு பெண்ணின் வழக்கில் 2009இல் உச்சநீதிமன்றம் அனுதாபம் தெரிவித்தபடியே அந்தச் சொத்தைக் கணவனின் சகோதரி மகன்களுக்குக் கொடுத்தது. பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதைத் திருத்தும்படி சட்ட ஆணையம் 2008ஆம் ஆண்டின் 207ஆம் அறிக்கையிலேயே பரிந்துரைத்திருந்தது. அந்த நிலையில் இருக்கும் பெண்ணுக்குக் கைவசம் உள்ள பாதுகாப்பு உயில் எழுதி வைப்பது. அவளும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்ட வெள்ளைத்தாள் போதும், பதிவு கட்டாயம் இல்லை.